டின்கப் தடத்துப் பூட்டுகள்

டன்லப், யூட்டா
2006 ஏப்ரல் 11

மார்வா,

போனில் என் குரல் கேட்டதும் டொக்கென்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

நேற்று டின்கப் தடத்தில் மேலே போகலாம் என்று நாலு சக்கர பைக்கை ஏற்றிக்கொண்டு வந்தேன். பனி உருகிய பிறகு இதுதான் முதல் தடவை. வந்து பார்த்தால் உன் வேலியில் புத்தம் புது இரும்புக் கேட், அதில் யானையைக் கட்டுகிற மாதிரி ஒரு சங்கிலி. பழைய டிராக்டர் டயரில் வெள்ளைப் பெயின்டால் 'உள்ளே வராதே, உன்னைத்தான் சொல்கிறேன்' என்று எழுதி வைத்திருக்கிறாய். அந்த 'உன்னைத்தான்' யார் என்று எனக்குத் தெரியாதா? கேட்டுக்கு இரண்டு பக்கமும் பாறைகள். பாறைக்கு அப்பால் ஆள் ஆழத்துக்குப் பள்ளம். என்னைத் தடுக்கவா இத்தனையும், இல்லை டாங்கிப் படை எதுவும் வருகிறதா?

அந்தத் தடம் உன் நிலத்தில் அரை மைல்தான் ஓடுகிறது. அதற்குப் பிறகு ஜூனிப்பர் மேடு வரைக்கும் அத்தனையும் பொது நிலம். உனக்கு அங்கே எவ்வளவு உரிமையோ எனக்கும் அவ்வளவு. உங்கள் தாத்தா இந்தப் பக்கம் முதல் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவதற்கு முன்பே சுரங்கத்துத் தாது வண்டிகள் அந்த வழியில் போய்க்கொண்டிருந்தன. நீ போட்ட ரோடு இல்லை அது.

மேலே இருப்பது யார் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தங்கை, எனக்கு மனைவி. அந்த வளைந்த ஜூனிப்பர் மரத்தடியில், நான் அடுக்கி வைத்த கல்லுக்குக் கீழே லோரீன் இருக்கிறாள். மூன்று வருடமாக, பனி இல்லாத மாதமெல்லாம் போய்வருகிறேன். காபி குடிப்பேன், ஊர் வம்பெல்லாம் சொல்வேன். அவளுக்கு வம்பு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்கே தெரியும். இந்தக் காலை வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்தை நான் நடந்து ஏற முடியாது, மார்வா. வண்டி இருந்தால்தான் எனக்கு அவள்.

செப்டம்பர் இரண்டாம் தேதி அவள் பிறந்த நாள். அதற்குள் சங்கிலியை எடுத்துவிடு. இல்லையென்றால் மாவட்டக் குழுவிடம் போவேன், நீதிமன்றம் போவேன். எங்கள் வண்டிச் சங்கம் மொத்தமும் என் பின்னால் நிற்கிறது. தலைவன் நான்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்.

வெர்லின் ப்ராவிட்


ஸ்டோல்வர்தி பண்ணை
ஏப்ரல் 20

வெர்லின் ப்ராவிட்டுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மிரட்டல் கடிதங்களைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறார் வக்கீல்.

உன் சங்கத்தின் லட்சணத்தைக் கேட்டுக்கொள். போன வருடம் என் கம்பிக் கதவை எவனோ திறந்து போட்டுவிட்டுப் போனான். பால் குடிக்கும் கன்றுகளை விட்டுவிட்டு இரண்டு தாய்ப்பசுக்கள் நெடுஞ்சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்தன. மாடுகளுக்கு வைத்த உப்புக் கட்டியைத் துப்பாக்கியால் சுட்டுப் பழகியிருக்கிறான் இன்னொருவன். பியர் டின் பொறுக்கிப் பொறுக்கியே என் இடுப்பு போய்விட்டது. பொது நிலம் என்றால் எல்லோரும் பொதுவாகக் குப்பை போடுகிற இடம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஆனால் கேட் போட்டது அதற்காக இல்லை. சுற்றி வளைப்பானேன்? பழி வாங்கத்தான் போட்டேன்.

அந்தத் தடத்தில் வண்டியைக் கவிழ்த்தது நீ. ஸ்டீயரிங் உன் கையில் இருந்தது. என் தங்கை செத்தாள். நீ கொஞ்சம் நொண்டுகிறாய், அவ்வளவுதான். அதோடு விட்டாயா? எங்கள் வம்சத்தில் யாரையும் எரித்ததில்லை. சபைப் பெண்கள் உருளைக்கிழங்குத் தட்டும் பச்சை ஜெல்லியும் தூக்கிக்கொண்டு துக்கத்துக்கு வந்து நின்றார்கள். முகம் பார்க்க உடம்பு இல்லை. 'எங்கே மார்வா, லோரீன் எங்கே?' என்று கேட்டார்கள். அவளைச் சாம்பலாக்கி, ராணுவத் தோட்டா டப்பாவில் போட்டு, மலை மேல் மரத்தடியில் புதைத்துவிட்டு வந்திருந்தாய் நீ. கேட்டால் 'அவதான் அப்படிச் சொன்னா' என்றாய். அவள் எதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள். அதை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டாய்.

அம்மாவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று இடம் வைத்திருக்கிறேன். உயிர்த்தெழும் நாளில் அம்மா எழுந்து பக்கத்தில் கை நீட்டும்போது லோரீன் அங்கே இருக்க வேண்டும். இதெல்லாம் உனக்குக் கட்டுக்கதை. எனக்கு அப்படி இல்லை.

நான் உயிரோடு இருக்கும் வரை உன் சக்கரம் அந்தத் தடத்தில் உருளாது. எந்தக் குழுவிடம் வேண்டுமானாலும் போய்க்கொள்.

மார்வா ஸ்டோல்வர்தி


டன்லப்
ஜூன் 19

மார்வா,

போனேன். ஜெயித்தேன். கூட்டத்தில் உன் முகத்தைப் போட்டோ எடுத்திருக்க வேண்டும். உன் வக்கீல் தாடியைத் தடவியபடி சட்டம் பேச, நான் அந்தக் காலத்துத் தாது வண்டி வரைபடத்தை மேசையில் விரித்தேனா இல்லையா? டின்கப் தடம் என்றைக்குமே பொது வழி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மாடு வெளியே போகாமல் இருக்கக் கேட் இருக்கலாமாம், ஆனால் யாரையும் தடுக்கக் கூடாதாம்.

குழுத் தலைவர் உன்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் என் காதில் தேனாய்ப் பாய்கிறது. 'இந்தாம்மா மார்வா, நம்ம ஊர்ல எல்லாக் கேட்லயும் செய்றதைச் செய். ஆளுக்கொரு பூட்டு. ஒண்ணுக்குள்ள ஒண்ணைக் கோத்து மாட்டுங்க. யார் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விட்டுடும். போறவங்க போயிட்டு, மறுபடி கோத்துப் பூட்டிட்டுப் போகட்டும். இதுல என்ன சண்டை?'

இன்னொரு சமாச்சாரம். ஜூனிப்பர் மேட்டில் பொது நிலத்துக்குள் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறாயே, உன் மேய்ச்சல் அனுமதியில் அது இருக்கிறதா என்று ஒரு சந்தேகம் வந்தது. நில அலுவலகத்தில் சும்மா விசாரித்தேன். இல்லையாம்! எனக்கு ஒரே ஆச்சரியம். பொது நிலத்தில் என் சக்கரம் உருளக் கூடாது, உன் மாடு மட்டும் நீர் குடிக்கலாமா? அவர்கள் வந்து பார்ப்பார்கள்.

நீதானே பழி என்ற வார்த்தையை முதலில் எழுதினாய். எனக்கும் எழுதத் தெரியும்.

வெர்லின்


ஸ்டோல்வர்தி பண்ணை
ஜூலை 24

வெர்லின்,

அதிகாரிகள் வந்தார்கள். தொட்டியை எடுக்க வைத்தார்கள். என் வீட்டுக்காரர் எல்ராய் செத்துப்போன பிறகு நான் ஒற்றை ஆளாய்க் குழாய் இழுத்து, கல் சுமந்து கட்டிய தொட்டி அது. இடிக்கும்போது மாடுகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தன. மறுநாளும் அதே இடத்துக்கு வந்து ஈர மண்ணை நக்கின. இந்த ஜூலை வெயிலில் இப்போது தினமும் லாரியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு மேலே போகிறேன். இரண்டு கன்றுகள் தாங்கவில்லை.

என்மேல் கோபமென்றால் என்னை வந்து அடித்திருக்கலாம். வாயில்லா ஜீவனின் வாயிலிருந்து தண்ணீரைப் பிடுங்கினாயே, நீ நன்றாக இருப்பாயா? உன் வயிறு எரிய வேண்டும். என் வயிறு எரிகிறதைவிட நூறு மடங்கு எரிய வேண்டும். தினமும் முழங்காலில் நின்று இதைத்தான் கேட்கிறேன். பிஷப்பிடம் சொன்னேன், மன்னிக்கப் பழகு என்றார். அவருக்கு மாடு கிடையாது.

குழு சொன்னபடி பூட்டுகள் மாட்டியாயிற்று. என்னுடையது, மாவட்டத்து ரோடு வேலைக்காரர் ஹைரமுடையது, நில அலுவலகத்துடையது, தீயணைப்புக்காரர்களுடையது, உன்னுடையது. நீ கொடுத்தனுப்பிய சிவப்புப் பூட்டை நானே என் கையால் மாட்டினேன். பிறந்த நாளுக்கு ஊரைக் கூட்டிக்கொண்டு வருவாயாமே, கேள்விப்பட்டேன்.

வா. வந்து உன் பூட்டைத் திற.

மார்வா


டன்லப்
செப்டம்பர் 3

அடிப்பாவி மார்வா,

இன்றைக்குப் பேனாவை அழுத்துகிற அழுத்தில் காகிதம் கிழிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் நீ.

சங்கமே வந்திருந்தது. வண்டிக்கு வண்டி கொடி. 'எங்கள் நிலம், எங்கள் வழி' என்று பலகை. குழுத் தலைவரும் வந்திருந்தார். லோரீனுக்குப் பிடித்த அன்னாசிக் கேக்கை நானே சுட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கேட்டுக்கு முன்னால் நின்று, 'இந்தச் சாவி என் சாவி இல்லை, நம் எல்லோருடைய சாவி' என்று பேச்செல்லாம் பேசிவிட்டுப் பூட்டைத் திறந்தேன். டிக்கென்று திறந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பூட்டு கழன்று என் கையோடு வந்தது. சங்கிலி அப்படியே இருக்கிறது! இழுக்கிறேன், உலுக்குகிறேன், அசையவில்லை. முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஜெயித்தவனைப் பார்த்துச் சிரித்தார்கள், மார்வா.

ஹைரம்தான் குனிந்து பார்த்துச் சொன்னார்: 'யோவ் வெர்லின், உன் பூட்டு வரிசையிலேயே இல்லைய்யா. மார்வா உன்னுதைத் தாண்டித் தன் பூட்டை நேரா அடுத்ததுல மாட்டிட்டா. உன்னுது சும்மா ஓரமா தொங்குது, காதுல கம்மல் தொங்கற மாதிரி.'

விடுமுறை நாள், ஹைரமின் சாவி ஆபீசில். அவர் கடமான் வேட்டைக்கு வேறு கிளம்பிவிட்டார். பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை வந்து எல்லாவற்றையும் அவிழ்த்துச் சரியாகக் கோர்த்துத் தருகிறாராம். அதுவரை பொறுக்க வேண்டுமாம். கேக்கைக் கேட் கம்பத்தின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன். அவள் பிறந்த நாளில் அவள் தனியாக இருந்தாள். மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை.

ஊர் முன்னால் என் மூக்கை அறுத்துவிட்டாய். சும்மா விடுவேன் என்று நினைக்காதே.

வெர்லின்


ஸ்டோல்வர்தி பண்ணை
செப்டம்பர் 9

வெர்லின்,

கம்மல் நன்றாக இருந்ததா?

கேக்கைக் காக்கைகள் தின்றன. என் கன்றுகளைத் தின்ற அதே காக்கைகளாகத்தான் இருக்கும்.

பதினைந்தாம் தேதி ஹைரம் வந்து சரி செய்யட்டும். நான் தடுக்கப்போவதில்லை. அதற்குப் பிறகு தாராளமாகப் போ. மேலே போய் என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் யோசித்து வை.

மார்வா


டன்லப்
செப்டம்பர் 15, வெள்ளி

என் அன்பு மைத்துனிக்கு,

இன்று மதியம் ஹைரமும் நானும் கேட்டுக்குப் போனோம். அவர் தன் சாவியால் திறந்தார். எல்லாப் பூட்டையும் ஒழுங்காக வரிசையில் கோர்த்தார். கடைசியாக என்னுடையதை மாட்டும் நேரம் அவருக்கு ஏதோ அவசரம். 'நீயே மாட்டிடு வெர்லின், நான் கிளம்பறேன்' என்று போய்விட்டார்.

எனக்குக் கை அரித்தது. நீ எனக்குச் செய்ததை அப்படியே உனக்குச் செய்தேன். உன் பூட்டைத் தாண்டி ஹைரமுடையதில் நேராக என் பூட்டை மாட்டினேன். இப்போது உன்னுடையதுதான் கம்மல். நாளைக்கு நீ தண்ணீர் லாரியோடு வந்து கேட்டை உலுக்குவாயே, அதைப் பார்க்கவே ஒரு நாற்காலி கொண்டு வரலாம் என்றிருக்கிறேன். உன் பாறையும் பள்ளமும் உன்னையும் சுற்றிப்போக விடாது. எவ்வளவு நன்றாகத் தோண்டியிருக்கிறாய்!

இந்தக் கடிதத்தை இப்போதே தபாலில் போடுகிறேன். நாளைக் காலை லோரீனிடம் போகிறேன். உன்னைப் பற்றி அவளிடம் சொல்ல நிறைய இருக்கிறது.

வெர்லின்


ஸ்டோல்வர்தி பண்ணை
செப்டம்பர் 22

வெர்லின்,

உன் அன்புக் கடிதம் திங்கட்கிழமைதான் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன். நடந்ததை நீ உனக்குச் சாதகமாக ஊரில் சொல்லித் திரிவாய். நடந்தது இதுதான் என்று எழுத்தில் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே நான் உள்ளே போய்விட்டேன். எதற்கு என்று இப்போது உனக்குத் தெரியும். கல்லைப் பிரித்து, தோண்டி, லோரீனை எடுத்தேன். சனிக்கிழமை நீ மேலே வரும்போது அங்கே வெறும் குழி இருக்க வேண்டும். ஊர்ச் சட்டத்தையெல்லாம் புரட்டி ரோட்டை வாங்கினாயே, அந்த ரோடு ஒரு குழிக்குப் போக வேண்டும். அவளோ அம்மாவின் பக்கத்தில் இருப்பாள். ஏப்ரலிலிருந்தே இதை யோசித்து வைத்திருந்தேன்.

சாயங்காலம் இறங்கி வந்தால் என் பூட்டு திறக்கிறது, சங்கிலி விடவில்லை. புரிந்துவிட்டது. அது என் வித்தையல்லவா! ஆனால் ஒன்று சொல்கிறேன். என் பிக்-அப்பின் டயர் தடம் கேட்டடியில் பளிச்சென்று கிடந்தது. உள்ளே போன தடம் உண்டு, வெளியே வந்த தடம் இல்லை. பூட்டுவதற்கு முன் மண்ணைப் பார்க்காதவன் இந்த ஊரில் எவன் இருக்கிறான்? நாலு வயதுப் பிள்ளைகூடப் பார்க்கும். சிரிப்பில் உனக்குக் கண் தெரியவில்லை.

வேலியை வெட்டலாம், குறடு இருந்தது. வெட்டி எங்கே போவது? நானே கொட்டிய பாறை, நானே வெட்டிய பள்ளம். நடந்து போகலாமா என்றால், இந்த இடுப்போடு அந்தக் கனத்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு முடியாது. அவளை வண்டியில் தனியாக விட்டுவிட்டு நடக்கவும் மனசு வரவில்லை. பாட்டிலில் இருந்த தண்ணீரும் தீர்ந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

காலையில் நீ விசில் அடித்துக்கொண்டு வந்தாய். என் மடியில் டப்பாவைப் பார்த்ததும் விசில் நின்றுபோனது.

'மார்வா, அது என் டப்பா.'

'இது என் தங்கச்சி. அம்மா பக்கத்துல வைக்கப் போறேன். கேட்டைத் திற.'

'முதல்ல அதைக் கேட்டு மேல தூக்கிக் குடு. அப்புறம் திறக்கறேன்.'

'தொண்டை காயுது வெர்லின். தண்ணியாவது குடு.'

நீ என் பாறையின் மேல் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தாய். தண்ணீர்ப் பாட்டிலை எனக்குத் தெரிகிற மாதிரி பக்கத்தில் வைத்தாய். பிறகு சொன்னாயே ஒன்று: 'அனுமதி இல்லாத இடத்துல தண்ணி கிடையாது மார்வா. நில ஆபீஸ்காரங்க சொன்னது. உன் மாட்டுக்கும் அதே சட்டந்தான்.'

அந்த வார்த்தை இல்லையென்றால் டப்பாவை உன்னிடம் கொடுத்திருப்பேனோ என்னவோ. தெரியவில்லை. அந்த வார்த்தை விழுந்த பிறகு எனக்குள் ஏதோ தெறித்துவிட்டது.

வண்டிக்குப் பின்னால் முதல் வளைவு வரைக்கும் நடந்தேன். டப்பாவைத் திறந்து, போகும்போது அவள் சாம்பலை ஒரு சக்கரத் தடத்தில் கொட்டிக்கொண்டே போனேன். வரும்போது மற்றதில். 'ரோடுதானே வேணும் உனக்கு? இந்தா ரோடு! ஓட்டு! அவ மேலயே ஓட்டு!' என்று கத்தினேன். நீ சாவியைக் கீழே போட்டு, தேடி எடுத்து, திறந்து, அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் டப்பா காலி. காலி டப்பாவை உன் கையில் திணித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தத் தடத்தில் அவளைக் கொன்றாய். இனி ஒவ்வொரு தடவை போகும்போதும் கொல்.

மார்வா


டன்லப்
அக்டோபர் 17

மார்வா,

கோபமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அன்றைக்கு நீ கொட்டும்போது காற்று இல்லை. அதை மட்டும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். காற்று அடித்திருந்தால் அவள் எங்கேயாவது புல்வெளிப் பக்கம் போயிருப்பாள். நேராக மண்ணில் இறங்கினாள்.

பெயின்ட் பிரஷ்ஷும் குப்பை அள்ளும் தட்டும் எடுத்துக்கொண்டு தினமும் போனேன். முழங்காலில் உட்கார்ந்து, வெளுப்பாகத் தெரிகிற இடமெல்லாம் கூட்டி அள்ளினேன். டப்பா நிறைந்துவிட்டது, மார்வா. நான் அவளைப் போட்டபோது முக்கால்தான் இருந்தது. இப்போது மூடி மூடவில்லை. இதில் எது லோரீன், எது டின்கப் மண் என்று எனக்குத் தெரியவில்லை. போன வாரம் மழை பெய்தது. அதோடு அள்ளுவதற்கு ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை சங்கத்து ஆட்கள் வண்டிகளோடு வந்தார்கள். கேட்டுக்குக் குறுக்கே நின்றேன். 'தலைவரே, ஜெயிச்சாச்சே, வழி விடுங்க' என்றார்கள். விடமாட்டேன் என்றேன். காரணம் சொன்னேன். தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் நின்றார்கள். பிறகு ஒருவன், 'பாவம்தான் வெர்லின், ஆனா இது எல்லாருக்கும் பொதுவான ரோடாச்சே' என்றான். அது என் வாக்கியம். குழு முன்னால் நான் வாதாடி ஜெயித்த வாக்கியம். சாயங்காலம் கூட்டம் போட்டு வேறு தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

மாவட்டக் குழுவில் மனுக் கொடுத்திருக்கிறேன். டின்கப் தடத்தில் இனி எந்தச் சக்கரமும் போகக் கூடாது என்று கேட்டிருக்கிறேன். எந்தச் சக்கரமும் என்றால் உன் மாட்டு லாரியும்தான். பனி விழுவதற்குள் மந்தையை எப்படிக் கீழே இறக்குகிறாய் என்று பார்க்கிறேன்.

இன்னொன்று. உன் அம்மா எழுந்து பக்கத்தில் கை நீட்டுவாள் என்று எழுதினாயே. நீட்டட்டும். அங்கே வெறும் புல்தான் இருக்கும். உன் தங்கை ரோட்டில், டயர் தடத்துக்குள்ளிருந்து எழுந்து வருவாள். அவளை அங்கே போட்டது யார் என்று அம்மா கேட்டால் என் பெயரைச் சொல்ல முடியாது. நான் அவளை மரத்தடியில் வைத்தேன். நீயே பதில் சொல். அந்த நேரத்தில் உன் முகத்தைப் பார்ப்பதற்காகவே, நான் நம்பாத உன் உயிர்த்தெழுதலை இப்போது நம்ப ஆரம்பித்திருக்கிறேன்.

வெர்லின்


ஸ்டோல்வர்தி பண்ணை
நவம்பர் 12

வெர்லின்,

உன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். நீ கூட்டத்துக்கு வரவில்லை, காய்ச்சல் என்றார்கள். நான் போயிருந்தேன். மனுவை எதிர்க்க வந்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். எழுந்து நின்று, ரோட்டை மூடுங்கள் என்று சொன்னேன். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

'மார்வா, இது என்னம்மா கூத்து? அவர் திறன்னு சண்டை போட்டப்ப நீ மூடுன்னே. இப்ப ரெண்டு பேரும் மூடுங்கறீங்க. ஒருதரம் பொது வழின்னு எழுதிட்டா எழுதினதுதான். வெர்லின் காட்டின வரைபடம் அவ்வளவு கெட்டி. நாங்க நினைச்சாலும் மூட முடியாது.'

அவ்வளவு கெட்டியாக வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

லாரிக்காரர் வந்தார். கேட் வரைக்கும் வந்துவிட்டார். நான் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். குதிரையில் ஏறி, தடத்தை விட்டு விலகி, புதர்க்காட்டு வழியாக மந்தையை ஓட்டிக்கொண்டு வந்தேன். இந்த இடுப்போடு. வளைவுக்கு வந்ததும் மாடுகள் புதரிலிருந்து ரோட்டுக்கு இறங்கப் பார்த்தன. மாட்டுக்கு என்ன தெரியும், நல்ல வழி எதுவோ அதில் போகும். கத்தினேன், சாட்டையால் அடித்தேன். என் மாட்டை நான் அப்படி அடித்ததே இல்லை. பாதி இறங்கிவிட்டன. வளைவுக்கும் கேட்டுக்கும் நடுவில், சக்கரம் படாத மேட்டில், மழைச் சேற்றில் பதிந்து காய்ந்த இரண்டு குழி, பக்கத்தில் பக்கத்தில். உன் முழங்கால் என்று தெரிந்தது. அதன் மேலேயும் மிதித்துக்கொண்டு போயின.

அம்மாவின் கல்லறைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நீ எழுதியது சரியாகப் போய்க் குத்தியிருக்கிறது. சந்தோஷமாக இரு. அந்த டப்பாவில் பாதியாவது எனக்குக் கொடு என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். உன்னிடம் கேட்கமாட்டேன். கேட்டால் நீயும் தரமாட்டாய்.

சனிக்கிழமைதோறும் உன் பழைய ஆட்கள் கொடி கட்டிக்கொண்டு வருகிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். ஒருவன் இறங்கித் திறக்கிறான், எல்லோரும் போகிறார்கள், கடைசி ஆள் ஒழுங்காகக் கோர்த்துப் பூட்டுகிறான். இப்போதெல்லாம் ஒரு பியர் டின் விழுவதில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. வளைவில் மட்டும் சின்னப் பையன்கள் வேகம் எடுக்கிறார்கள், புழுதி எழும்புகிறது. அது அடங்கும் வரை நான் முகத்தைத் திருப்புவதில்லை.

அவர்கள் புதிதாக ஒரு பூட்டு மாட்டியிருக்கிறார்கள். உன் சிவப்புப் பூட்டைக் கழற்றி எறியப் பார்த்தார்கள். விடவில்லை, பிடுங்கிக்கொண்டேன். நேற்று என் பூட்டைத் திறந்து, எனக்கும் ஹைரமுக்கும் நடுவில் உன்னுடையதைக் கோர்த்தேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். இந்த முறை கம்மல் இல்லை, வரிசையில் இருக்கிறது.

உன் சாவி திறக்கும். நீ கேட்ட வழி. வண்டியை எடுத்துக்கொண்டு வா, வெர்லின்.

மார்வா